விலகலும் விலக்கலும்: ‘பகிஷ்கரிப்பு’ என்னும் சொல்லின் வரலாறு

தமிழிலே விலகு என்பது தன்வினை. விலக்கு என்பது பிறவினை. ஒதுங்கு, ஒதுக்கு என்பனவும் நீங்கு, நீக்கு என்பனவும் அவ்வாறே அமைந்தவை. ஓரிடத்து மெய் இரட்டித்தும், பிறிதோரிடத்து மெல்லெழுத்து வல்லெழுத்தாகியும் வினையின் திசை மாறிவிடுகின்றது. தானே வெளியேறுகின்றவன் யார், பிறனை வெளியேற்றுகின்றவன் யார் என்பதை இம்மொழி பேசுவோன் சொல்லை உச்சரிக்கும்பொழுதே உணர்த்தி விடுகின்றான். ஆயின், யாழ்ப்பாணத்து அரசியல் வரலாற்றிலே பெருவழக்காயுள்ள ஒரு வினைச்சொல் இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை. பகிஷ்கரித்தல் என்பதே அச்சொல். கடையைப் பகிஷ்கரித்தனர் என்றும் சொல்வர். கடைக்காரனைப் பகிஷ்கரித்தனர் என்றும் சொல்வர். தேர்தலைப் பகிஷ்கரித்தனர் என்றும் சொல்வர். இறுதியிற் கூறியதிலே விலகியவர் யாவர், விலக்கப்பட்டவர் யாவர் என்பது 1931 ஆம் ஆண்டு தொட்டு இத்தீபகற்பத்திலே பேசப்பட்டுவரும் வினாவாகும். அவ்வினாவை விளங்கிக்கொள்வதற்கு அச்சொல் வந்த வழியைச் சிறிது பின்னோக்கிச் சென்று காணுதல் வேண்டும்.

பகிஷ்கரித்தல் வடசொல்லினின்று பிறந்தது. பகிஸ் என்பது புறம். கிரு என்பது செய்தல். புறத்தே ஆக்குதல் என்பது பொருள். எனினும் இன்று வழங்கும் அரசியற் பொருளை அது வடமொழியிலிருந்து பெற்றதன்று. ‘பொய்கொட்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இந்திய மொழிகள் அதனைக் கையாண்டபொழுதே அப்பொருள் அதில் ஏறியது. அவ்வாங்கிலச் சொல்லும் தொன்மையானதன்று. 1880 ஆம் ஆண்டுக்கு முன் அதனை வினையாக வழங்கினார் எவருமிலர். அதற்கு முன்னர்ச் சமூகத்தினின்றும் ஒருவனை ஒதுக்குதலைக் குறிக்கக் கற்றோரிடத்து வழங்கிய வினை ‘ஒஸ்ரசைஸ்’ என்பது. அருகிய வழக்கினதாகிய அச்சொல்லைப் பாமரர் அறியார் என்ற காரணம்பற்றியே புதியதொரு சொல் ஆக்கப்பட்டதென்பது இவ்வரலாற்றிற் சுவையான பகுதி. அதனைக் கூறுமுன் அருகிய சொல்லின் ஊரைப் பார்த்துவிடுதல் நன்று.

ஒஸ்ரசைஸ் என்பதன் வேர் கிரேக்க மொழியில் ஒஸ்திரக்கோன் என்பது. உடைந்த மட்பாண்டத்தின் ஓட்டுச் சில்லு என்பது பொருள். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியிலே ஏதென்ஸ் நகரின் அரசியலைச் சீர்திருத்திய கிளைஸ்தெனிஸ் என்பவனே இவ்வழக்கத்தை ஏற்படுத்தினான் என்பர். ஆண்டுக்கொருமுறை குடிமக்கள் பேரவை கூடி, அவ்வாண்டில் எவரையேனும் நாடுகடத்தல் வேண்டுமோ என்று முடிவு செய்யும். வேண்டுமெனத் தீர்மானித்தால், குறித்த நாளிலே குடிமக்கள் யாவரும் சந்தைவெளியிற் கூடித் தாம் வெளியேற்ற விரும்புவோனது பெயரை ஓட்டுச் சில்லிலே கீறி இடுவர். ஆறாயிரம் சில்லுகள் வேண்டப்பட்டன. அது மொத்தத் தொகையோ, ஒருவன்மீது விழவேண்டிய தொகையோ என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். மிகுதியான சில்லுகளைப் பெற்றவன் பத்து நாளுக்குள் நகரை விட்டுப் பத்தாண்டு வெளியே இருத்தல் வேண்டும். அவன் குற்றவாளியல்லன், அவனது நிலபுலம் பறிக்கப்படுவதில்லை, பத்தாண்டு கழிந்ததும் தன் உரிமை எல்லாவற்றோடும் மீளலாம். எவனும் அளவுக்கு மிஞ்சி உயர்ந்து கொடுங்கோலன் ஆகாதவாறு மக்கள் இட்ட வேலி அது. ஓட்டிலே எழுதிய பெயரே அங்கு ஓட்டாக இருந்தது என்று தமிழிற் சொல்ல நேர்வது தற்செயலான ஒற்றுமை. தமிழில் வாக்கினைக் குறிக்கும் ஓட்டு ஆங்கிலத்தின் திரிபே.

கி.மு. 487 இல் முதன்முதலாக இத்தண்டம் நிகழ்ந்தது. நீதிமான் எனப் பெயர்பெற்ற அரிஸ்டைடிஸ் 482 இல் வெளியேற்றப்பட்டான். எழுத்தறியாத நாட்டுப்புறத்தான் ஒருவன் அவனை இன்னானென்று அறியாது அவனிடமே சில்லைக் கொடுத்து, அரிஸ்டைடிஸ் என்று எழுதித் தருமாறு கேட்டானென்றும், அவன் உனக்கு என்ன தீங்கு செய்தான் என்று வினவியபோது, எங்கும் அவனை நீதிமான் நீதிமான் என்று சொல்லக் கேட்டுச் சலித்துவிட்டது என்று விடை வந்ததென்றும், அரிஸ்டைடிஸ் வாய்திறவாது தன் பெயரை எழுதிக் கொடுத்தானென்றும் புளூட்டார்க் வரைந்துள்ளார். கதை மெய்யோ அன்றோ, இவ்வழக்கத்தின் பலவீனத்தை அது நன்கு காட்டுகின்றது. மற்றொரு பலவீனத்தை நிலமே காட்டிற்று. 1937 ஆம் ஆண்டிலே அக்குறொப்பொலிஸ் குன்றின் வடசரிவிலுள்ள பழைய கிணறொன்றினின்றும் ஏறத்தாழ 190 சில்லுகள் எடுக்கப்பட்டன. எல்லாவற்றிலும் தெமிஸ்தொக்கிளிஸ் என்ற பெயரே இருந்தது; எழுதிய கைகளோ பதினான்கே. சலாமிஸ் கடற்போரில் நாட்டைக் காத்த அவ்வீரனை வெளியேற்ற விரும்பியோர் முன்கூட்டியே சில்லுகளை எழுதிக் குவித்து வைத்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும். கட்சிக்காரர் வாக்குச்சீட்டை ஆயத்தஞ் செய்து கையிற் கொடுக்கும் வழக்கம் அண்மைக் காலத்ததன்று.

தமிழ்நாட்டிலே உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், 919, 921 ஆம் ஆண்டுகளுக்குரியவை, குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். ஏதென்ஸின் ஓடு வெளியேற்றுதற்கு. உத்தரமேரூரின் ஓலை உள்ளே அழைத்தற்கு. ஆயினும் அங்கும் ஒரு விலக்கு இருந்தது: முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதோரும் அவர்தம் உறவினரும் பெயரெழுதப்படும் உரிமையை இழந்தனர். கணக்குக் காட்டாதவனை விலக்கல் வேண்டும் என்ற அவ்விதியை இக்காலத்துச் சபைகள் பலவும் மறந்திருப்பது வருந்தத்தக்கது.

இனி 1880 ஆம் ஆண்டு அயர்லாந்துக்கு வருவோமாயின், அங்கு நிலம் பெரும்பாலும் தூரத்தேயிருந்த பிரபுக்களுக்கு உரியதாகவும், பயிரிட்டோர் வாரக்குடிகளாகவும் இருந்தனர். 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் நினைவு அகலுமுன் 1879 இலும் விளைச்சல் பொய்த்தது. அவ்வாண்டிலே மைக்கேல் டேவிற் என்பவர் முன்னின்று நிலக் கழகத்தைத் தோற்றுவித்தார். பார்னல் அதன் தலைவரானார். 1880 செப்ரெம்பர் 19 இல் எனிஸ் என்னுமூரிற் பேசிய பார்னல், குடியெழுப்பப்பட்டவனுடைய நிலத்தை ஏற்கும் எவனையும் தெருவிலும் கடையிலும் கோயிலிலும் ஒருவரும் முகங்கொடாது தனியே விடுதல் வேண்டும் என்று அறிவுறுத்தினார். அடிக்கவோ கொல்லவோ வேண்டா. ஒதுங்கி நின்றாற் போதும் என்பதே அவர் கூறியதன் சாரம்.

இப்படைக்கலம் முதலிற் பெருஞ்செய்தியாகப் பாய்ந்தது மேயோ மாவட்டத்திலே மாஸ்க் ஏரிக்கரையில் வாழ்ந்த சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்கொட் என்பவர்மேல். 1832 இற் பிறந்த அவர் சில ஆண்டுகள் படையிற் பணியாற்றிப் பின் ஏர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராயிருந்தார். கப்டன் என்பது ஊரார் மரியாதைக்காக வைத்த பட்டமேயன்றிப் படையில் ஈட்டியதன்று. வாரத்திற் காற்பங்கு குறைக்குமாறு குடிகள் கேட்டனர். பிரபு பத்திலொன்று குறைக்க இசைந்தார். மீதியைச் செலுத்தாதோரைக் குடியெழுப்பக் கட்டளையோடு சென்றவனை ஊர்ப் பெண்கள் துரத்தினர். அடுத்துப் பொய்கொட்டின் வேலைக்காரர் யாவரும் நின்றுவிட்டனர். கொல்லன் குதிரைக்கு இலாடம் அடிக்க மறுத்தான். சலவைக்காரி துணி எடுக்க மறுத்தாள். கடிதம் கொணர்ந்த பையனும் எச்சரிக்கப்பட்டான். அண்மையிலுள்ள பலின்றோப் நகரக் கடைகள் பண்டம் விற்கவில்லை. கதிர் முற்றி வயலிற் கிடக்க, பொய்கொட் ஒக்ரோபரிலே இலண்டன் ரைம்ஸ் பத்திரிகைக்குத் தம் நிலையை எழுதினார். அதனைக் கண்டு வடபுலத்துக் கவன், மொனகன் மாவட்டங்களினின்றும் ஐம்பது தொண்டர் அறுவடைக்கு வந்தனர். அவர்களைக் காப்பதற்கு ஆயிரவர் வரை படையினரும் பொலிசாரும் வேண்டியவராயினர். ஏறத்தாழ 500 பவுண் பெறுமதியான விளைச்சலை எடுக்க 10,000 பவுண் செலவாயிற்று என்பது வழங்கும் கணக்கு. அவ்வாண்டு முடியுமுன் பொய்கொட் குடும்பத்தோடு அயர்லாந்தை விட்டு நீங்கினார். ஒருவரும் அவர்மீது ஒரு கல்லைத்தானும் எறிந்து கொன்றாரிலர்.

பெயர் வந்த கதையை ஜேம்ஸ் ரெட்பாத் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பதிவு செய்துள்ளார். அவ்வூர்ப் பாதிரியாரான ஜோன் ஓமலி அடிகளாரோடு உணவருந்திக்கொண்டிருக்கையில் ரெட்பாத் சிந்தனையில் ஆழ்ந்திருந்தாராம். ஒரு சொல்லைத் தேடுவதாகவும், ஒஸ்ரசைஸ் என்றால் குடியானவர்க்கு விளங்காதென்றும் அவர் கூற, அடிகளார் சற்று யோசித்து, அவனைப் ‘பொய்கொட்’ பண்ணுதல் என்றாலென்ன என்றாராம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டு வாழ்ந்த சொல்லை ஒரு நாட்டுப்புறப் பாதிரியார் ஒரு நொடியில் வீட்டுக்கனுப்பிவிட்டார். நவம்பர் மாதத்திற்குள் இலண்டன் பத்திரிகைகள் அதனை எழுதின. விரைவிலே பிரெஞ்சு, ஜேர்மன், ஒல்லாந்து, உருசிய மொழிகளும் ஏற்றன. 1897 இல் இறந்த பொய்கொட், தம் பெயர் அகராதியிற் சிறிய எழுத்தால் அச்சிடப்படும் பொதுச்சொல்லாவதைக் கண்டே இறந்தார். தண்டனை பெற்றவனுடைய பெயரே தண்டனையின் பெயராக நிலைத்தமை மொழிவரலாற்றில் அரிய நிகழ்ச்சி.

பாதிரியார் மாற்றியது சொல்லை மட்டுமன்று. பொருளையுமாம் என்பது கவனிக்கத்தக்கது. ஏதென்ஸின் ஓடு ஊரவனை ஊருக்கு வெளியே அனுப்பியது, அது விலக்கல். மேயோவிலோ ஒருவரும் பொய்கொட்டை எங்கும் அனுப்பவில்லை. அவர் தம் வீட்டிலேயே இருந்தார். ஊரே அவரை விட்டு விலகிற்று. அவ்விலகல் வலிமை பெற்றதற்குக் காரணம் ஒன்றே: பொய்கொட் இல்லாமல் ஊர் வாழும், கொல்லனும் சலவைக்காரியும் இல்லாமல் பொய்கொட் வாழமாட்டார். எவன் எவனுக்கு வேண்டியவன் என்பதைப் பொறுத்தே இப்படைக்கலம் கூரியதாகவோ மழுங்கியதாகவோ ஆகின்றது.

இந்தியாவிலே 1905 ஆகஸ்ட் 7 இல் கல்கத்தா நகர மண்டபத்தில், வங்காளப் பிரிவினையை எதிர்த்துப் பிரித்தானியப் பண்டங்களைப் பகிஷ்கரிக்கத் தீர்மானமாயிற்று. தமிழகத்திலே அடுத்த ஆண்டு வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். 1908 இல் தூத்துக்குடிப் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபொழுது, வெள்ளையர் பக்கம் நின்றோர்க்கு நாவிதரும் சலவைத் தொழிலாளரும் பணிசெய்ய மறுத்தனரென்றும், வழக்கறிஞர் ஒருவர் பாதி மழித்த முகத்துடன் எழுந்து செல்ல நேர்ந்ததென்றும் கூறுவர். மாஸ்க் ஏரிக்கரைச் சலவைக்காரியின் செயலை அறியாமலே தூத்துக்குடித் தொழிலாளன் அதனைச் செய்தான். அதே சொல் மராட்டியத்திலே வேறொரு முகத்தைக் காட்டிற்று. 1924 இல் அம்பேத்கர் தோற்றுவித்த சங்கத்தின் பெயர் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை; 1927 இல் அவர் தொடங்கிய பத்திரிகை பகிஷ்கிருத பாரதம். அங்கு பகிஷ்கிருதர் என்றது வெள்ளையன் துணியை விலக்கியவரையன்று, ஊரால் விலக்கப்பட்ட மக்களை. ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரே சொல், அந்நியனை எதிர்த்தவனுக்கு ஆயுதமாகவும் அயலவனால் ஒடுக்கப்பட்டவனுக்குப் பெயராகவும் இருந்தது. ஆங்கிலத்திலே ஒதுக்கப்பட்டோன் என்ற பொருளில் வழங்கும் ஒரு பெயர்ச்சொல்லும் பறை என்னும் தமிழ்ச் சொல்லடியாகப் பிறந்து பதினேழாம் நூற்றாண்டிலேயே அம்மொழியிற் புகுந்துவிட்டது என்பதை ஈண்டு நினைத்தல் தகும். ஆங்கிலம் விலக்கும் வினையைக் கீழைநாடுகளுக்குத் தருமுன்னரே விலக்கப்பட்டோன் என்னும் பெயரைத் தமிழிடமிருந்து வாங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்திற்கும் பகிஷ்காரம் என்ற சொல் புதியதேயொழியச் செயல் புதியதன்று. ஊருக்கு அடங்காத குடும்பத்தைத் தள்ளிவைத்தலும், அக்குடும்பத்து வீட்டிற்குச் சலவை செய்வோரும் முடிதிருத்துவோரும் செல்லாதவாறு தடுத்தலும், நன்மை தீமைகளுக்குப் போகாதிருத்தலும் நெடுங்கால வழக்கு. குடிமைத் தொழில் செய்தோரின் கையே இங்கும் கருவி. ஆயின் மேயோவில் அக்கை தன் விருப்பால் ஓய்ந்தது, இங்கோ நிலமுடையோர் கட்டளையால் ஓய்ந்தது. அயர்லாந்திற் குடியானவன் பிரபுவுக்கு எதிராக ஏந்தியதை, இங்கு நிலமுடையோர் எளியோர்க்கு எதிராக ஏந்தினர்.

டொனமூர் ஆணைக்குழு 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தது. அதே மாதம் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அவரை அழைத்தது 1924 இல் உருவான மாணவர் காங்கிரஸ். பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்றது. அதன் முன்னணியில் நின்றவர் ஹன்டி பேரின்பநாயகம். பிற்காலத்திலே கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். முழுச் சுயராச்சியம், தாய்மொழிக் கல்வி, சாதி வேற்றுமையின்மை என்பன அவ்வாலிபரின் கொள்கைகள். பல சாதியினரும் ஒரே பந்தியில் உண்பதை அவர்கள் தம் மாநாடுகளிற் செய்து காட்டினர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஆசனத்தில் அமர்தல் வேண்டும் என்று 1929, 1930 ஆம் ஆண்டுகளை அடுத்து ஏற்பட்ட ஒழுங்கினை எதிர்த்து மேற்சாதியார் பலர் தம் பிள்ளைகளை மறித்தனர்; சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாலிபர் காங்கிரஸ் சமாசனத்தின் பக்கம் நின்றது. ஆகவே 1931 இல் அவ்வாலிபர் பகிஷ்காரம் என்ற சொல்லைக் கையிலெடுத்தபொழுது, அதே செயலை அதே மண்ணில் சமத்துவத்திற்கு எதிராகவும் சிலர் கையாண்டு முடித்திருந்தனர்.

டொனமூர் திட்டம் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை அளித்தது. அதற்கு முன் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே வாக்காளர். இனவாரிப் பிரதிநிதித்துவம் ஒழிந்தது. ஆயினும் தேசாதிபதியின் அதிகாரம் குறையவில்லை, பொறுப்பாட்சி வரவில்லை. 1928 இல் இந்தியா சைமன் குழுவைப் பகிஷ்கரித்ததைக் கண்ட வாலிபர், சுயராச்சியந் தராத யாப்பினை ஏற்பது அவமானம் எனக் கருதினர். 1931 ஏப்ரலில் யாழ்ப்பாணத்திலே கமலாதேவி சட்டோபாத்தியாய தலைமையிற் கூடிய மாநாடு, அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கத் தீர்மானித்தது. போட்டியிட ஆயத்தமாயிருந்த முதியோர் பலரும் இளைஞரின் வேகத்திற்கு இணங்கினர். மே 4 நியமனப் பத்திரம் ஏற்கும் நாள். யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்தானும் பத்திரம் கொடுக்கவில்லை. குடியேற்ற நாட்டு அரசு ஒன்று அமைத்த முதற் சர்வசன வாக்குரிமைத் தேர்தலை ஒரு தீபகற்பம் முழுவதும், ஒரு துளி இரத்தமும் சிந்தாது, வெறிதாக்கிற்று. ஒழுங்கும் ஒற்றுமையும் பற்றிய வரையில் அது வியத்தற்குரிய செயலே. இலண்டனிலிருந்த பிலிப் குணவர்த்தன போன்ற தென்னிலங்கை முற்போக்காளரும் பாராட்டினர். ஆனால் தெற்கிலே எவரும் பின்பற்றவில்லை. வடமாகாணத்தின் ஐந்தாவது தொகுதியாகிய மன்னார் முல்லைத்தீவிலும் தேர்தல் நடந்தது.

பொதுவாகச் சொல்லப்படாத ஒன்று உண்டு. நூற்றுக்கு நால்வராய் இருந்த வாக்காளர் பல்லாயிரவராய் விரிந்த அவ்வாண்டிலே, முதன்முறையாக வாக்குச்சீட்டைத் தொடவிருந்தோர் யாவர்? பெண்கள், நிலமற்ற கூலியாளர், சாதியால் ஒதுக்கப்பட்டோர். அவர்களுக்கு வாக்குரிமை அளித்தலை முதுபெருந்தலைவரான சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1930 இல் மறையும்வரை எதிர்த்தார். வாலிபரின் நோக்கம் அதுவன்று. அவர்கள் சர்வசன வாக்குரிமையின் பகைவரல்லர். எனினும் வாலிபரோடு சேர்ந்து விலகிய முதியோர் சிலர்க்கு அக்கணக்கு மனத்தில் இல்லாதிருந்ததென்று துணிந்து கூறவியலாது. விளைவு இருசாரார்க்கும் ஒன்றே. கமக்காரக் கூலிப் பெண் ஒருத்தி தென்னிலங்கையில் 1931 ஜூனில் வாக்களித்தாள். தீபகற்பத்தில் அவளையொத்தவள் மூன்றாண்டு காத்திருந்தாள். தலைவர்கள் விலகினர், அவள் விலக்கப்பட்டாள். அவளுடைய கருத்தை எந்த மாநாடும் கேட்டதாகப் பதிவில்லை.

மேயோவின் அளவுகோலை இங்கு வைத்துப் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணம் இல்லாமல் அரசாங்க சபையால் இயங்க முடியுமா? முடிந்தது. தெரிவுசெய்யப்பட வேண்டிய 50 உறுப்பினருள் 46 பேருடன் அது ஜூலை மாதத்திற் கூடியது. ஏழு நிருவாகக் குழுக்களும் அமைந்தன. ஏழு மந்திரிகளும் பதவியேற்றனர். நான்கு வெற்று ஆசனங்கள் தேசாதிபதிக்குச் சங்கடத்தைக் கொடுத்தனவேயன்றிச் சபைக்குத் தடையைக் கொடுக்கவில்லை. அறுவடைக் காலத்தில் கொல்லன் நின்றதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. தெற்கும் உடன் விலகியிருந்தால் யாப்பு வீழ்ந்திருக்கும் என்று வாலிபர் நம்பியதில் தவறில்லை; அந்நம்பிக்கைக்குத் தெற்கிடமிருந்து முன்கூட்டி உறுதி பெறாததே அவர்தம் குறை.

ஓரிரண்டு ஆண்டிலே ஆசனங்களை நிரப்பவேண்டும் என்ற குரல் யாழ்ப்பாணத்திலேயே எழுந்தது. 1934 இல் இடைத்தேர்தல் நடைபெற்றது. யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவாவும், பருத்தித்துறையில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் தெரிவாயினர். பொன்னம்பலம் 1931 இல் மன்னார் முல்லைத்தீவிற் போட்டியிட்டுத் தோற்றவர். 1936 இல் ஊர்காவற்றுறையின் பிரதிநிதியான வைத்திலிங்கம் துரைசுவாமி சபாநாயகரானார்; வெற்றிடமாய்க் கிடந்த ஆசனமொன்று ஐந்தாண்டில் சபையின் உயர்ந்த ஆசனமாயிற்று. அதே ஆண்டில் அமைந்த மந்திரிசபையிற் சிங்களவரன்றி ஒருவருமிலர். பகிஷ்காரத்தாலேயே தமிழர் அதிகாரம் இழந்தனர் என்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்: நான்கு ஆசனங்களும் நிரம்பியிருந்த காலத்திலேயே அவ்விலக்கல் நிகழ்ந்தது. விலகியோரைத்தான் விலக்குவர் என்பதில்லை. ஆயினும் சபையின் முதன்மூன்றாண்டுகளில், குழுக்களின் நடைமுறையும் நட்புறவும் உருவான வேளையில், யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் அம்மேசையைச் சுற்றி இருக்கவில்லை என்பதும் மறைக்கற்பாலதன்று. பொன்னம்பலத்தின் இனவாரி அரசியல் மேலோங்க, வாலிபர் காங்கிரசின் நாடுதழுவிய நோக்கு மெலிந்தது. சமாசனத்திற்கும் சுயராச்சியத்திற்கும் ஒருங்கே போராடிய இயக்கம் ஒன்று, தன் பெருவெற்றி எனக் கருதிய செயலாலேயே களமிழந்தது.

பழைய ஊர்விலக்கு அதன்பின்னும் நெடுநாள் நின்றது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் ஒருவரைச் சாதிபற்றித் தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் உறங்க, 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்றனர். அவர்கள் தம் போராட்டத்திற்கு வைத்த பெயர் பகிஷ்காரம் அன்று. ஆலயப் பிரவேசம், தேநீர்க்கடைப் பிரவேசம் என்பன. வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு விலகுதல் ஆயுதமாகாது. அவனிடம் விலகுதற்கு இடம் ஏது?

தமிழ்நாட்டார் இன்று புறக்கணிப்பு என்பர். ஈழத்தவர் பகிஷ்கரிப்பு என்பதையே பெரிதும் வழங்குவர். இரண்டு சொல்லிலும் புறம் என்பது உண்டு. யார் புறத்தே நிற்கின்றனர் என்பது இரண்டிலும் இல்லை. 2005 நவம்பரில் நடந்த சனாதிபதித் தேர்தலிலே யாழ்ப்பாண மாவட்டத்து வாக்காளருள் நூற்றுக்கு 1.2 பேரே வாக்களித்தனர். அத்தேர்தலின் வெற்றி தோல்வியை நாடு முழுவதிலும் ஏறத்தாழ 1,80,000 வாக்குகளே தீர்மானித்தன. பகிஷ்கரிப்பு என்று அன்று பத்திரிகைகள் எழுதின. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டாலும் அச்சுறுத்தலாலும் மக்கள் தடுக்கப்பட்டனர் என ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பாளர் அறிக்கையிட்டனர். தாமே மனமுவந்து வீட்டிலிருந்தோர் எத்தனை பேர், போகவிடாது நிறுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுத்தல் எவர்க்கும் இயலாது.